ஐந்தைத் தொடாதே

சலவைப் பிரிவில் அவருக்குப் புரொபசர் என்று பெயர். வைத்தவர்கள் என்னவோ கேலியாகத்தான் வைத்தார்கள், அவர்தான் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிப் போர்வைகள் நாள் முழுக்கச் சுழலும் இயந்திரங்களுக்கு நடுவே நின்றுகொண்டு, கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் கணக்குச் சொல்லித் தருவார். கேட்டவர் என்று இதுவரை யாரும் இல்லை.

மேற்பார்வையாளர் வேலை இரண்டு காலி என்று அறிவிப்பு வந்தது. புரொபசரும் அதே பிரிவில் வேலை பார்த்த அவர் மனைவியும் சேர்ந்தே விண்ணப்பித்தார்கள். அவருக்கு அது கௌரவம். அவளுக்கோ உடம்பு சம்பந்தப்பட்டது. இஸ்திரி அறையின் ஆவியில் வருஷக்கணக்காக நின்று நின்று, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. அந்த அறையை விட்டு வெளியே வர அவளுக்கு இந்தப் பரீட்சையை விட்டால் வேறு வழி இல்லை.

பரீட்சையில் பின்னச் சமன்பாடுகள் உண்டு. "அதெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று புரொபசர் மார்தட்டினார். சமையலறை மேஜையில் பாடம் ஆரம்பமாயிற்று. எக்ஸில் பாதியையும் எக்ஸில் மூன்றில் ஒரு பங்கையும் கூட்டினால் ஐந்து. எக்ஸ் எவ்வளவு?

"கீழே ரெண்டும் மூணும் இருக்கா? ரெண்டுக்கும் பொதுவா ஆறு. ஆறால பெருக்கினா பின்னம் ஓடியே போயிடும். மூணு எக்ஸ், ரெண்டு எக்ஸ், ஆக மொத்தம் அஞ்சு எக்ஸ்."

"அந்தப் பக்கம் ஒரு அஞ்சு நிக்குதே, அதையும் பெருக்கணுமாங்க?"

"அது ஏற்கெனவே முழுசாத்தானே இருக்கு? அதும்பாட்டுக்கு சும்மா இருக்கறதை ஏன் போய்ச் சீண்டணும்? அஞ்சைத் தொடாதே. எக்ஸ் ஒண்ணு. முடிஞ்சுது."

அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் மேதைமையில் சொக்கிப்போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டார்.

பரீட்சை நாளன்று இரண்டு வரிசை முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். புரொபசர் மளமளவென்று எழுதி முடித்துவிட்டு, கைகட்டிக்கொண்டு, மற்றவர்களைப் பரிதாபத்தோடு பார்த்தார். அரைமணி நேரம் மிச்சம் இருந்தது. சும்மா இருக்க முடியாமல் ஒரு விடையைச் சமன்பாட்டிலேயே திரும்பப் போட்டுப் பார்த்தார். சமையலறையில் போட்ட அதே கணக்கு. ஒன்றில் பாதி, ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டையும் சேர்த்தால் ஒன்றுகூட வரவில்லை. ஐந்து எங்கிருந்து வரும்?

கணக்கை முதல் வரியிலிருந்து பார்த்தார். ஒரு பக்கத்தை ஆறு மடங்காக்கிவிட்டு மறுபக்கத்தை அப்படியே விட்டால் இரண்டும் எப்படிச் சமமாகும்? ஐந்தும் முப்பதாக வேண்டும். எக்ஸ் ஆறு. ஆறில் பாதி மூன்று, ஆறில் மூன்றில் ஒரு பங்கு இரண்டு, கூட்டினால் ஐந்து. எத்தனை லட்சணமாகப் பொருந்துகிறது!

முன்னால் அவள் பேனா ஓடிக்கொண்டிருந்தது. அத்தனையும் இவர் சொல்லிக்கொடுத்த தப்பு. அவள் மூச்சு வாங்குவது காதில் கேட்பது போலவே இருந்தது, அழுகை வந்தது. ஒரு தடவை இருமினார். அவள் திரும்பவில்லை. ஆறு என்பதைத் தெரிவிக்கலாமே என்று ஆறு தடவை இருமினார். அவளைத் தவிர அறையே திரும்பிப் பார்த்தது.

"தண்ணி குடிங்க சார்" என்றார் கண்காணிப்பாளர். குடித்துவிட்டு மறுபடியும் ஆறு. "இன்னொரு தடவை இருமினீங்கன்னா வெளியில அனுப்பிடுவேன்."

மணி அடித்தது, தாள்களை வாங்கிக்கொண்டு போனார்கள். நடைபாதையில் அவளை ஓடிப்போய்ப் பிடித்தார்.

"உன் தலையில மண்ணை வாரிப் போட்டுட்டேன்மா. அந்த அஞ்சையும் பெருக்கணும்."

"தெரியுமே" என்றாள். "அன்னிக்கே விடையைத் திரும்பப் போட்டுப் பாத்தேன், ஒத்து வரலை. உங்ககிட்ட சொன்னேனே."

"எங்கிட்டயா?"

"வேற யார்கிட்ட? வாத்தியாருக்கே பாடமான்னு சிரிச்சீங்க. மறுநாள் பிரிவுல எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சீங்க."

சிரித்தது ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் உயிர் திரும்பி வந்தது.

"அப்போ நீ எல்லாம் சரியாப் போட்டிருக்கே?"

"போட்டிருக்கேன். அதுக்குத்தான் அப்படி இருமினீங்களா?" அவள் முகம் கனிந்துவிட்டது. "உள்ளேயே கண்டுபிடிச்சுட்டீங்களா?"

"அரைமணி நேரம் இருக்கும்போதே!"

"நல்லவேளை. உங்க தாள்ல மாத்திட்டீங்கல்ல?"

புரொபசர் வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது.