வீரலட்சுமி கை கொடுக்கவில்லை

1

இந்தக் கதை ஒரு கைதட்டலில் பிறந்தது. தட்டியது நான்தான். கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு வாசகசாலை அரங்கு. பழைய ஆங்கில இன்பியல் நாடகம் ஒன்றைத் தமிழாக்கி நடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசிக் காட்சியில் நாயகி, எழுதிக் கொடுத்த வசனத்தை விட்டுவிட்டு வேறொன்றைப் பேசினாள். நான் எழுந்து நின்று தட்டினேன். பக்கத்து நாற்காலிக்காரர் முறைத்தார். மறுவாரமே அவளைத் தேடிப் போனேன். நான் பார்த்ததும் அவள் சொன்னதும்தான் இனி வருவது.

தொடக்கம் மட்டும் அமையவே இல்லை. முதலில் இப்படி எழுதினேன்:

"அரபிக்கடல் அலைகள் சீன வலைகளைத் தழுவிக்கொண்டிருந்த ஒரு மாலைப்பொழுதில் —"

நிறுத்திவிட்டேன். சுற்றுலா வருகிறவர்கள் பார்ப்பதை அவள் தலையில் கட்டுவானேன்?

"வீரலட்சுமி ஓர் அபலை —"

இதையும் அடித்தேன். அவளைப் பார்த்த யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

"வீரலட்சுமிக்கு நடிக்கப் பிடிக்கும்." சரி, இது உண்மை. இங்கிருந்தே போவோம்.

2

வீரலட்சுமிக்கு நடிக்கப் பிடிக்கும். அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். அவள் பிறந்ததும் வளர்ந்ததும் மட்டாஞ்சேரி. வேலை எர்ணாகுளத்தில், ஒரு கண் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில். வீட்டில் தமிழ், பஸ்ஸில் மலையாளம், மேசையில் இரண்டும். தமிழ் எழுத்து அவளுக்குத் தடவித் தடவித்தான் வரும். நாடக வசனம் முழுவதையும் மலையாள எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்தாள்.

நாடகத்தைத் தமிழாக்கி இயக்கியவர் ராமபத்ரன். பல தலைமுறையாகக் கொச்சியில் இருக்கும் தமிழ்க் குடும்பம். கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறார். எல்லாருக்கும் அவர் மாஷ், அதாவது வாத்தியார்.

(மூல நாடகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் நீங்கள் அதைத் தேடிப் படித்துவிட்டு என்னோடு சண்டைக்கு வருவீர்கள்.)

கதை இதுதான். நிச்சயம் செய்த பெண்ணை விட்டு ஒரு மிளகு வணிகன் கப்பலேறிப் போகிறான். போனவன் தாடியும் தலைப்பாகையுமாகப் பணக்கார அந்நியனைப்போல் திரும்பி வந்து, நகையை நீட்டி அவளை மயக்கப் பார்க்கிறான். அவள் மசியவில்லை. உடனே தாடியைப் பிய்த்து எறிகிறான். ஊரே சிரிக்கிறது. அவள் ஆனந்தக் கண்ணீரோடு தன் கையை அவன் கையில் வைக்கிறாள். சுபம்.

ஒத்திகையில் அவள் அந்தக் கண்ணீரை ஒருநாளும் தவறவிட்டதில்லை.

3

அவளுக்கும் நிச்சயம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை செல்லதுரை, தோப்பும்படியில் படகு எஞ்சின் பழுது பார்ப்பவன். நல்லவன் என்றார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

ஒத்திகை நடந்துகொண்டிருந்த நாட்களில் தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸ்அப் வந்தது. உங்கள் குரல் அழகு, ஒரு சாயா குடிக்க வரலாமா, நகைக்கடையில் எனக்கு ஆள் உண்டு என்றெல்லாம். அந்த எண்ணை பிளாக் செய்தாள். இன்னொரு எண்ணிலிருந்து வந்தது. அதையும் பிளாக் செய்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து பஸ் நிறுத்தம்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். செல்லதுரையிடம் சொல்லலாமா என்று யோசித்தாள். சொன்னால் தன்னையே சந்தேகப்படுவானோ என்று பயந்து சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளும் அம்மாவும் செல்லதுரை வீட்டுக்குச் சாப்பிடப் போனார்கள். மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே அவன் தங்கை பேச்சி போட்டு உடைத்தாள்.

"மதினி, மெசேஜ் அனுப்பினது யாருன்னு நினைச்சீங்க? எல்லாம் நம்ம அண்ணந்தான்! நீங்க பாஸாயிட்டீங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். செல்லதுரை வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். "சும்மா ஒரு தமாசுக்கு" என்றான். அம்மா சிரித்தாள். வீரலட்சுமியும் சிரித்தாள்.

பஸ்ஸில் வரும்போது, பிளாக் செய்த இரண்டு எண்களையும் போனில் மறுபடி எடுத்துப் பார்த்தாள். "நாலும் பாத்துத்தான் செய்றான். பொறுப்புள்ள பையன்" என்றாள் அம்மா.

(இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டேன். மேடையில் நடப்பதே வீட்டிலும் நடந்தால் யார் நம்புவார்கள்? "வேறு மாதிரி மாற்றிவிடட்டுமா?" என்று அவளிடமே கேட்டேன். "மாத்துங்க. நடக்காம இருந்திருந்தா எனக்கும் நல்லாத்தான் இருக்கும்" என்றாள். அதனால் மாற்றவில்லை.)

4

அதற்குப் பிறகு கண்ணீர் வரவில்லை. கடைசிக் காட்சிக்கு வந்தால் கை மட்டும் நீளும், முகம் கல்லாகிவிடும்.

"என்னாச்சு உனக்கு?" என்றார் மாஷ்.

"இவ எதுக்கு மாஷே மன்னிக்கிறா?"

"இது காமெடியாக்கும், கேட்டியா. காமெடின்னா கடைசீல கல்யாணம் உண்டு. அவ ஜெயிச்சாச்சு. அவ குணம் தெளிஞ்சாச்சு. பின்னே என்ன வேணும்?"

"அவன் குணம்?"

மாஷ் யோசித்தார். "அவனுக்கு ஒரு சின்னக் குறை. சந்தேகம். நாடகத்துல அதை யாரும் பெருசா எடுக்கமாட்டா."

"நான் எடுக்கறேன்."

"நீ எடுத்தா நாடகம் முடியாதுடீ குழந்தே! நானூறு வருஷமா ஆளுகள் சிரிச்ச இடம். வசனத்தைச் சொல்லு, போதும்."

மாஷை வில்லனாக்கிவிட எனக்கும் ஆசை வந்தது. ஆனால் அன்று சாயங்காலம் ஆசையாகப் பழம்பொரி வாங்கிவந்து அவளுக்குத்தான் முதலில் நீட்டினார். வில்லனுக்கு அது பொருந்தாது.

ஒன்று மட்டும் என் கணக்கில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பழைய துன்பியல்களில் ஆண் சந்தேகப்பட்டால் பெண் சாகிறாள், அவன் நீளமாக ஒரு வசனம் பேசி அழுகிறான். இன்பியல்களில் ஆண் சந்தேகப்பட்டால் பெண் மன்னிக்கிறாள், எல்லாரும் சேர்ந்து ஆடுகிறார்கள். சந்தேகம் இரண்டிலும் ஒன்றுதான், மேளம்தான் வேறு. பரீட்சையில் அவன் குணத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதச் சொல்வார்கள். அவளுக்குப் 'பொறுமை' என்று எழுதினால் முழு மதிப்பெண்.

5

நாடகத்தன்று இரண்டாவது வரிசையில் செல்லதுரை, அவன் அம்மா, பேச்சி. வணிகனாக நடித்த கேசவ் தாடியைப் பிய்த்து எறிந்தான். அரங்கம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் பேச்சியின் குரல் வீரலட்சுமிக்குத் தனியாகக் கேட்டது.

கேசவ் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"நான் அந்த நகையை வாங்கியிருந்தா?"

கேசவ் பல்லைக் கடித்துக்கொண்டு "வசனம், வசனம்" என்று முணுமுணுத்தான்.

"வாங்கியிருந்தா என்ன செஞ்சிருப்பே? சொல்லு."

பக்கத் தட்டியின் மறைவில் மாஷ் இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தார். திரை இழுக்கும் யூசுப் கயிற்றைப் பிடித்தபடி இவளையே பார்த்து நின்றார்.

கேசவுக்கு வியர்த்துவிட்டது. "நான்... அதை யோசிக்கலை" என்றான். நடிப்பில்லை அது.

"யாரோ ஒருத்தன் பின்னால வரான்னு நான் பயந்து பயந்து நடந்தேன். அந்த யாரோ நீதான். இதுல சிரிக்க என்ன இருக்கு?"

விளக்கில் அவளுக்குக் கண் கூசியது. ஆனாலும் குரல் இறங்கவில்லை.

"என்னைத் தெரிஞ்சுக்கணும்னா என்கிட்ட பேசியிருக்கலாம். வேஷம் போட்டுக்கிட்டு வந்தவனுக்கு என் கையைக் கொடுக்க முடியாது."

நடந்து வெளியேறினாள். திரை விழ வெகுநேரம் ஆனது.

6

"என் காமெடியைக் கொன்னுட்டியே" என்று மாஷ் ஒரு டிரங்குப்பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார். "நான் இதை ஒத்துக்கமாட்டேன். ஒருநாளும் ஒத்துக்கமாட்டேன். ஆனா நன்னா நடிச்சே."

"நடிக்கலை மாஷே."

வாசலில் செல்லதுரை நின்றிருந்தான். முகம் சிவந்திருந்தது.

"இத்தனை பேர் முன்னாடி என்னை நாணம் கெடுத்திட்டியே."

"உங்க பேரை நான் சொல்லவே இல்லையே."

"எனக்குத் தெரியும்ல?"

"தெரியட்டும்னுதான் பேசினேன்."

அவன் ஓரடி முன்னால் வந்தான். பிறகு, "கல்யாணம் வேணுமா, வேண்டாமா? இப்பவே சொல்லு" என்றான்.

அவள் அங்கேயே, அவன் அம்மாவும் பேச்சியும் கேட்கும்படி, பதில் சொன்னாள்.

7

அந்தப் பதிலுக்கு நான் இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். போனில் அவளுக்கு வாசித்தும் காட்டினேன்.

முதலாவது: "மழை கொட்டிக்கொண்டிருந்தது. படகுத்துறையில் அவள் தனியாக, கடைசிப் படகும் போய்விட்ட பிறகு —"

"நிறுத்துங்க. நான் எதுக்குச் சாகணும்? மறுநாள் எனக்கு டியூட்டி இருந்துச்சு."

இரண்டாவது: "செல்லதுரையின் கண்கள் கலங்கின. அவள் மெல்ல அவன் கையைப் —"

"அவரு அழுததை நீங்க பாத்தீங்களா?"

"இல்லை."

"பின்னே?"

"அப்படியானால் நீ உண்மையில் சொன்னதையே எழுதிவிடுகிறேன்."

"வேண்டாம்." உறுதியாக வந்தது. "சரின்னு சொன்னேன்னு எழுதினா 'பாவம்'பாங்க. முடியாதுன்னு சொன்னேன்னு எழுதினா 'திமிரு'ம்பாங்க. எப்படியும் எனக்கு மார்க் போடுவாங்க. யாரும் போட வேண்டாம்."

ஆகவே அந்தப் பதில் எனக்குத் தெரியும், உங்களுக்குச் சொல்லமாட்டேன். முடிவில்லாமல் தூக்கம் வராது என்றால் நீங்களே ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் பெயரை மட்டும் அதில் போடாதீர்கள்.

போனை வைக்கும் முன், மாஷ் இன்னும் கோபமாக இருக்கிறாரா என்று கேட்டேன்.

"எங்கே! அடுத்த நாடகம் எடுத்துட்டாரு. இந்தத் தடவை துன்பியலாம். நான் ராணி. அஞ்சாவது அங்கத்துல விஷம் குடிச்சுச் சாகணுமாம்."

"நீ என்ன சொன்னாய்?"

"பாக்கலாம்னு சொல்லியிருக்கேன்."