பதிவில்லாத சவாரி

"போனை எல்லாம் அணைங்கடா! சவப்பெட்டி வாசலைத் தாண்டுற நேரத்துல எவன் போனாவது சிணுங்குச்சு, பிடுங்கி சாக்கடையில போட்டுடுவேன்" என்று மீசை கத்தினான்.

தெருவை அடைத்துக்கொண்டு நின்ற வாடகைக் கார் டிரைவர்கள் ஒவ்வொருத்தராகப் போனை எடுத்து அமுக்கினார்கள். ஊரில் ஒரு டிரைவர் செத்தால், அன்றைக்குப் பொழுது சாயும்வரை ஒருத்தனும் சவாரி எடுக்கமாட்டான். எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை, இவர்களாக வைத்துக்கொண்ட வழக்கம். எவ்வளவு பெரிய ஆள் கூப்பிட்டாலும் அன்றைக்கு வண்டி கிடைக்காது. மீசைதான் எல்லாருக்கும் மூத்தவன். அவன் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

குடைக்காரி அண்ணனுடைய காரின் டிக்கியில் தன் குடைக் கட்டுகளை ஓரமாகத் தள்ளி, மலர் வளையங்களுக்கு இடம் பண்ணிக்கொண்டிருந்தாள். ரயில் நிலைய வாசலில் தள்ளுவண்டி வைத்துக் குடையும் சீப்பும் போன் உறையும் விற்கிறவள் அவள். கூடத்தில் கண்ணை மூடிக் கிடக்கிறவன் அவளோடு பிறந்த ஒரே அண்ணன்.

டிக்கியை அறைந்து மூடினாள். பின்னால் எண் பலகைக்குப் பக்கத்தில் நாலு ஓட்டைகள் பல்லை இளித்தன. நகரசபையின் அனுமதித் தகடு இருந்த இடம். தகட்டைக் கழற்ற வந்த ஆள் திருகாணிகளைக்கூட விடாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான். கேட்டதற்கு, அதுவும் நகரசபைச் சொத்தாம். நல்லவேளை, கார் அண்ணன் சொந்தமாக வாங்கியது. இல்லாவிட்டால் டயரையும் உருட்டிக்கொண்டு போயிருப்பான், பாவி.

நடந்தது இதுதான். நகரசபை விதிப்படி இந்த மாதிரித் தனி வாடகைக் காரை ரோட்டில் கை காட்டி நிறுத்தி ஏறக் கூடாது. வாடகைக் கார் ஆபீஸுக்குப் போன் போட வேண்டும், அங்கே பதிவாக வேண்டும், அதற்குப் பிறகுதான் டிரைவர் கதவைத் திறக்கலாம். அண்ணன் இதில் ரொம்பக் கறார். வழியில் யாராவது தவித்துக்கொண்டு நின்றால் காரை ஓரம் கட்டி, இறங்கி, அவர்கள் பக்கத்திலேயே நின்று ஆபீஸுக்குப் போன் போட்டுப் பதிவு பண்ணச் சொல்லிவிட்டுத்தான் ஏற்றுவான். "பதிவு ஆனப்புறம்தான் கதவு" என்பான். மற்ற டிரைவர்கள் இதைச் சொல்லிச் சொல்லியே அவனைக் கிண்டல் பண்ணுவார்கள். சட்டப்புத்தகம் வருது, வழி விடுங்கடா என்பார்கள்.

அப்பேர்ப்பட்டவன் ஒரே ஒரு தடவை தவறினான். வானம் பொத்துக்கொண்டு ஊற்றிய ஒரு சாயங்காலம். பஸ் நிறுத்தத்துக் கூரை ஒழுக, ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். "அண்ணே, ஆஸ்பத்திரிக்குப் போகணும்ணே, வலி தாங்க முடியல" என்றாள். அண்ணன் ஆபீஸுக்குப் போட்டான். லைன் கிடைக்கவில்லை. பின் கதவைத் திறந்து, "ஏறும்மா, நனையாதே. போற வழியில போன் போட்டுக்கலாம்" என்றான். சொன்னபடியே அடுத்த திருப்பம் தாண்டுவதற்குள் போன் போட்டுப் பதிவும் பண்ணிவிட்டான். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியவள் நிமிர்ந்து நின்றாள். வலியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பையிலிருந்து நகரசபை அடையாள அட்டையை எடுத்து நீட்டினாள். லைசென்ஸ் பிரிவில் சோதனை அதிகாரி. கள்ளச் சவாரி பிடிக்க வேஷம் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

விசாரணைக்குக் குடைக்காரியும் போயிருந்தாள். நீள மேஜைக்குப் பின்னால் கமிட்டிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள், ஓரத்தில் அந்தச் சோதனை அதிகாரி. தலைவர் பிஸ்கட்டை டீயில் தோய்த்துக்கொண்டே அந்தப் பெண் எழுதிய அறிக்கையை வாசித்தார். "'ஏறும்மா, நனையாதே. போற வழியில போன் போட்டுக்கலாம்.' இப்படிச் சொன்னீங்களா, இல்லையா?"

"சொன்னேன் சார்" என்றான் அண்ணன். பொய் சொல்ல அவனுக்கு எங்கே தெரியும்? வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத ஆள்.

"அப்போ பதிவு பண்ணணும்னு தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சேதான் மீறியிருக்கீங்க."

டீ ஆறுவதற்குள் முடிவு வந்துவிட்டது. லைசென்ஸ் ரத்து. காரணம், அவன் பயணிகளை ஏற்றத் தகுந்த, பொருத்தமான நபர் அல்ல. எத்தனை பிரசவ வலிக்காரிகளை ஏற்றியிருப்பான், எத்தனை குடிகாரர்களைக் கைத்தாங்கலாக வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டிருப்பான்! எல்லாவற்றையும் அந்த ஒரு வரி துடைத்துப் போட்டுவிட்டது.  வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அண்ணன், "நான் பொருத்தமான ஆள் இல்லையாம்மா?" என்று தங்கச்சியைப் பார்த்துக் கேட்டான்.

அதற்குப் பிறகு காய்கறிச் சந்தையில் மூட்டை இறக்கப் போனான். அம்பது தாண்டின உடம்பு, வாழ்நாள் பூராவும் உட்கார்ந்து ஓட்டின உடம்பு. நேற்றுக் காலையில் வெங்காய மூட்டை மேல் சாய்ந்து உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார் டாக்டர். குடைக்காரிக்குத்தான் தெரியும், அடைத்தது எது என்று.

மலர் வளையங்களை வைத்துவிட்டு அவள் கூடத்துக்குள் நுழைந்தபோது, அண்ணி தலைமாட்டில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது தொண்டை கட்டிப்போயிருந்தது. வாசலில் பேச்சு சட்டென்று நின்றது. டிரைவர்கள் விலகி வழி விட்டார்கள். கையில் வெள்ளைப் பூங்கொத்தோடு ஒரு பெண் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

அவளேதான், அந்தச் சோதனை அதிகாரி.

குடைக்காரிக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. என்ன தைரியம்! எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள்? எழுந்தவளின் மணிக்கட்டை அண்ணி பிடித்துக்கொண்டாள்.

"உன் கடை விஷயம் அடுத்த வாரம் அந்தக் கமிட்டிக்குத்தானே வருது? வாயைத் திறக்காதே" என்று கரகரத்த குரலில் காதோரம் சொன்னாள். "அவர்தான் போயிட்டாரு. உள்ள பிழைப்பையும் கெடுத்துக்காதே. ரெண்டு பொட்டப் புள்ளைங்களை வெச்சிருக்கே."

உண்மைதான். ரயில் நிலைய வாசலில் வண்டி போட வருஷா வருஷம் அனுமதி வாங்க வேண்டும். இந்த வருஷம் வாசலை அழகுபடுத்தப் போகிறார்களாம், பாதிக் கடைகளைத் தூக்கப்போகிறார்களாம். எது இருக்கலாம், எது போகலாம் என்று எழுதிக் கொடுக்கிறவள் இதோ பூங்கொத்தோடு நிற்கிறாள். புருஷன் விட்டுவிட்டுப் போன நாளிலிருந்து அந்தத் தள்ளுவண்டிதான் குடைக்காரிக்குச் சோறு போடுகிறது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அந்தப் பெண் பூங்கொத்தை அண்ணன் காலடியில் வைத்தாள். கிட்டத்தில் பார்த்தால் சின்ன வயசுதான், முப்பதுகூட இருக்காது. கண் சிவந்திருந்தது. குடைக்காரிக்குப் பக்கத்தில் வந்து குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் பேசினாள்.

"உங்க கடை அறிக்கையை நான்தான் எழுதறேன். நல்லபடியா எழுதிடறேன். நீங்க அதை நினைச்சுக் கவலைப்பட வேண்டாம்."

ஆறுதலாம்! ஒரு கையால் கழுத்தை நெரித்துவிட்டு, இன்னொரு கையால் மிட்டாய் கொடுக்கிறாள். அண்ணன் உயிருக்கு ஈடு ஒரு தள்ளுவண்டி நிற்கிற இடம், அவ்வளவுதான். 

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?" என்றாள்.

"கேளுங்க."

"எங்கண்ணன் சொன்னதை எல்லாம் ஒரு எழுத்து விடாம எழுதினீங்களே, அன்னிக்கு மழை பெஞ்சதை எழுதினீங்களா?"

அந்தப் பெண் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"வயித்தைப் பிடிச்சுக்கிட்டு 'அண்ணே அண்ணே'ன்னு கெஞ்சினீங்களே, அதை?"

"அதெல்லாம் எழுதறதுக்கு அதுல இடம் கிடையாது" என்றாள் அவள் தரையைப் பார்த்து. "என்ன பண்ணச் சொன்னாங்களோ அதைத்தான் நான் பண்ணினேன். லைசென்ஸே போகும்னு நினைக்கலை. கொஞ்ச நாள் நிறுத்தி வெப்பாங்கன்னுதான்..."

"இப்பப் போய்ச் சொல்லேன். மழை பெஞ்சுது, நான் நடிச்சேன், அந்த மனுஷன் மேல தப்பில்லைன்னு கமிட்டியில எழுந்து சொல்லேன். செத்தவனுக்கு லைசென்ஸ் வேணாம். பொருத்தமான ஆள் இல்லைங்கற அந்த ஒத்தை வரியை அடிச்சாப் போதும்." 'மேடம்' என்ற சொல் பேச்சிலிருந்து எப்போது கழன்று விழுந்தது என்று குடைக்காரிக்கே தெரியவில்லை.

"அது முடிஞ்சுபோன ஃபைல்ங்க. ஆளும் இல்லைன்னு ஆனப்புறம் திறக்கமாட்டாங்க."

அண்ணியின் நகம் மணிக்கட்டில் அழுந்தியது. குடைக்காரி வாயை மூடிக்கொண்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க நூறு கேள்வி இருந்தது, எல்லாவற்றையும் எச்சிலோடு சேர்த்து முழுங்கினாள்.  அதற்குள் மீசை உள்ளே வந்து, "தூக்கலாமா?" என்று கேட்டான்.

சவ வண்டிக்குப் பின்னால் அண்ணனுடைய காரைக் குடைக்காரியே ஓட்டினாள். அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவனும் அவன்தான். பக்கத்து இருக்கையில் அவனுடைய தேங்காய்ப்பூத் துண்டு கிடந்தது, அதன்மேல் யாரையும் உட்கார அவள் விடவில்லை. அண்ணி பின்னால் தனியாக உட்கார்ந்து வந்தாள். அவர்களுக்குப் பின்னால் ஊரிலுள்ள வாடகைக் கார் அத்தனையும் வரிசை கட்டி வந்தன. அந்தக் கமிட்டித் தலைவன் ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு வெறியாக இருந்தது. தகுதியில்லாத ஆள் போகிறான் பாருடா!

மின் மயானத்தில் எல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது. இரும்புக் கதவு இறங்கிய சத்தத்துக்கு அண்ணிக்கு உடம்பு ஒரு தடவை தூக்கிப் போட்டது, அவ்வளவுதான். வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. மழை என்றால் சும்மா மழை இல்லை, அன்றைக்குப் பெய்த அதே மழை. டிரைவர்கள் கொட்டகைக்குக் கீழே நின்று சிகரெட் பிடித்தார்கள். பழக்க தோஷத்தில் பைக்குள் போன கைகள் போனைத் தொட்டுவிட்டு வெறுமனே வெளியே வந்தன.

குடைக்காரி அண்ணியைக் காரில் ஏற்றிக் கிளம்பினாள். மயானத்து கேட்டைத் தாண்டியதும் ரோட்டோரம் அந்தச் சோதனை அதிகாரி நின்றிருந்தாள். மயானம்வரை வந்திருக்கிறாள். ஒதுங்க மரம்கூட இல்லாத இடம், தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. போனைக் காதில் வைப்பதும், கையால் திரையை மழைக்கு மறைத்து மறுபடி அமுக்குவதுமாக இருந்தாள்.

"நிறுத்து, பாவம்" என்றாள் அண்ணி.

குடைக்காரி நிறுத்திக் கண்ணாடியை இறக்கினாள். அந்தப் பெண் ஓடி வந்தாள்.

"ரொம்ப நேரமா வண்டிக்குப் போன் போடறேங்க. ஆபீஸ்ல எடுக்கறாங்க, வண்டியே இல்லைங்கறாங்க. ஊர்ல இவ்வளவு வண்டி இருக்கு, ஒண்ணுகூட வரமாட்டேங்குது."

"வராது. இன்னிக்குப் பொழுது சாயற வரைக்கும் ஒரு வண்டியும் வராது. எங்கண்ணனுக்காக அணைச்சு வெச்சிருக்காங்க."

அந்தப் பெண் காரைப் பார்த்தாள். அண்ணி நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்தாள். இவ்வளவு நல்ல மனசுக்குத்தான் இந்தக் குடும்பம் இந்தக் கதிக்கு வந்தது என்று குடைக்காரிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கையை நீட்டிப் பின் கதவின் பூட்டை எடுத்துவிட்டாள். அந்தப் பெண் கைப்பிடியைப் பற்றினாள்.

"ஏறும்மா, நனையாதே" என்றாள் குடைக்காரி. "போற வழியில போன் போட்டுக்கலாம்."

அந்தப் பெண் கதவைத் திறக்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே அந்தப் பெண்ணின் முகத்தில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. அவள் துடைக்கவில்லை. வைப்பர் இப்படியும் அப்படியுமாகப் போய்வந்தது. குடைக்காரி அவசரப்படுத்தவில்லை. நடுரோட்டில் இன்ஜின் ஓட, ஏறட்டும் என்று காத்திருந்தாள்.

பிறகு அந்தக் கை மெதுவாகக் கைப்பிடியை விட்டது. அவள் ஒரு எட்டு பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"வேணாங்க" என்றாள். மழைச் சத்தத்தில் அது சரியாகக் கேட்கக்கூட இல்லை.

குடைக்காரி கண்ணாடியை ஏற்றி வண்டியை எடுத்தாள்.

கொஞ்ச தூரம் போன பிறகு, "கடை போச்சுன்னு வெச்சுக்கோ" என்றாள் அண்ணி.

"போகட்டும்."

அண்ணி திரும்பிப் பின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். வேகத்தடை வந்தது. டிக்கியில் குடைக் கட்டுகள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு உருண்டு இடித்தன. அண்ணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். குடைக்காரி அடுத்த கியரைப் போட்டாள்.