கோஜி அறை வாசலில் ஒரு டப்பா நாத்தோ

தொமியே டப்பாவின் மேல்தாளை உரித்தாள். 

சாகே என்கிற அரிசி மது செய்யும் ஆலையின் பனி மூடிய முற்றத்தில், கோஜி அறையின் மரக்கதவுக்குப் பத்தடி தள்ளி நின்றிருந்தாள். கையில் இருந்தது வேறொன்றுமில்லை, காலைச் சோற்றோடு ஊர் உலகமே சாப்பிடுகிற நாத்தோ. புளிக்கவைத்த சோயா, எடுத்தால் நூல் நூலாய் இழுக்கும். தொட்டியடியில் அரிசி கழுவிக்கொண்டிருந்த நாலு ஆம்பிளைகளும் அவள் கையில் துப்பாக்கியைக் கண்டதுபோல் பின்வாங்கினார்கள்.

பின்வாங்காமல் என்ன செய்வார்கள்? நாத்தோவில் இருக்கிற கிருமி கொதிக்கிற தண்ணீருக்கே சாகாது. சட்டையிலோ விரலிலோ ஒட்டிக்கொண்டு கோஜி அறைக்குள் போய்விட்டால், அங்கே அவித்த அரிசியின்மேல் பூத்து அதை மதுவுக்குப் பக்குவப்படுத்தவேண்டிய கோஜிப் பூஞ்சணத்தை ஓரங்கட்டிவிட்டு அது குடியேறிக்கொள்ளும். அரிசி வழவழத்துப் போகும், குப்பையில் கொட்டவேண்டியதுதான். அதனால்தான் அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரைக்கும் ஆலைக்காரர்கள் யாரும் அதைத் தொடுவதில்லை. மீறித் தின்றவன் அந்தப் பருவம் முடிகிறவரை கோஜி அறைக்குள் கால் வைக்க முடியாது. இந்தச் சட்டமெல்லாம் தொமியேவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த ஆலையின் தலைமை ஆளாக இருந்தவருடைய மகள் அவள். இப்போது தலைமை ஆளாக இருக்கிற கென்சாகு அவளுக்கு அண்ணன். உள்ளே கோஜி அறைச் சூட்டில் வெந்துகொண்டிருப்பவர் அவள் புருஷன் இசாவோ.

நவம்பரில் இசாவோவுக்கு நெஞ்சுவலி வந்து, ரத்தக்குழாயில் சின்னக் குழாய் வைத்து அனுப்பினார்கள். ரெண்டு மாதம் ஓய்வு என்று சொன்ன டாக்டர், சாப்பாட்டைப் பற்றியும் சொன்னார். "தினமும் நாத்தோ சாப்பிடுங்க, இதயத்துக்கு நல்லது. சில மாத்திரைக்குத்தான் அது ஆகாது. உங்களோடது வேற, பயமில்ல."

"டாக்டர், என் நாக்கு குளிர்காலத்துல அதைப் பாத்து முப்பத்தோரு வருஷம் ஆச்சு," என்று சிரித்தார் இசாவோ.

வீட்டில் தொமியே கெஞ்சினாள், அதட்டினாள், ஒரு வாரம் பேசாமலும் இருந்து பார்த்தாள். "ஏப்ரல் வரட்டும், வயிறு முட்டத் திங்கறேன்" என்றார் மனுஷன். ஜனவரி பிறந்ததும் போட்டிக்குப் போகிற சாகேவுக்கான அரிசியை அவித்தார்கள். கோஜிப் பொறுப்பு இசாவோவுடையது. ஓய்வாவது ஒண்ணாவது, போய்விட்டார். உள்ளே முப்பத்தைந்து டிகிரியில் மேல்சட்டை இல்லாமல் அரிசியைப் பிசைந்து பிரிப்பது, வெளியே வந்தால் உறைபனி, மறுபடி உள்ளே. நல்ல நெஞ்சுக்கே அது தாங்காது.

இன்று காலை அவர் துவைக்கப் போட்ட சட்டைப்பையில், வலி வந்தால் நாக்கடியில் வைக்கிற மாத்திரை அட்டை அகப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை பிரிக்காமல் இருந்த அட்டை. பாதி காலி. தொமியே கடைக்குப் போய் நாத்தோ வாங்கிக்கொண்டு நேரே இங்கே வந்துவிட்டாள்.

"தொமி! உனக்கென்ன பைத்தியமா? மூடு அதை!" கென்சாகு ஓடிவந்தார்.

"கிட்ட வராதீங்கண்ணே. உங்க சட்டையிலயும் ஒட்டிக்கும்."

அவர் சட்டென்று நின்றார்.

"அவரை வெளிய வரச் சொல்லுங்க. இல்லேன்னா நான் உள்ள போறேன்."

"நீ யார் வீட்டுப் பொண்ணு? அப்பா இருந்தா உன்னை வெட்டிப் போட்டிருப்பாரு."

"அப்பா ஏன் இல்லேன்னு ஞாபகம் இருக்கா? இதே கதவைத் திறந்துட்டு வெளிய வந்தாரு. மூணாவது அடியில விழுந்தாரு. நீங்கதானே தூக்கினீங்க?"

 தொமியே மாத்திரை அட்டையைப் பனியில் அவர் காலடிக்கு எறிந்தாள். "எண்ணிப் பாருங்க. மூணு நாள்ல அஞ்சு."

அவர் குனிந்து எடுக்கவில்லை. கூடவே வேலை செய்கிறவருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தும் தெரியாததுபோல் இருந்திருக்கிறார், படுபாவி. 

"இன்னும் ஒரே நாள் தொமி. மாப்ளையை விட்டா எனக்கு ஆள் இல்ல."

"உங்க கை என்னண்ணே ஆச்சு?"

"என் கைக்கு அது வராது," என்றார் கென்சாகு. நாலு ஆட்களும் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சொன்னார். சொன்னபின் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தொமியே ஓரடி வைத்தாள். "அக்கா, வேண்டாங்க்கா!" என்று தொட்டியடியிலிருந்து ஒருவன் கத்தினான். பதினோரு குடும்பத்தின் ஒரு வருஷ உழைப்பு அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தது. உள்ளே போனால் இந்த ஊரில் சாகும்வரை ஒருத்தரும் அவளிடம் முகங்கொடுத்துப் பேசமாட்டார்கள். பேசாவிட்டால் போகட்டும் என்று இன்னோரடி வைத்தாள். நிஜமாகவே உள்ளே போய்விடுவோமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது.

"தொமியே, அங்கேயே நில்லு. நான் வர்றேன்." கதவுக்குப் பின்னாலிருந்து இசாவோவின் குரல்.

வந்தார். கதவை இறுகச் சாத்தினார். வெற்றுடம்பில் ஆவி பறந்தது. எல்லாருடைய கண்ணும் டப்பாமேல் இருக்க, அவள் மட்டும் அவர் உதட்டைப் பார்த்தாள். நீலம் பாய்ந்திருந்தது.

"மச்சான், நடுவுல சூடு ஏறுது," என்றார் இசாவோ, மூச்சை இழுத்து இழுத்து. "அரைமணிக்குள்ள பிரிச்சு விட்டுருங்க. அழுத்தாதீங்க, விரல் நுனியால மட்டும்."

"அதை எதுக்கு எங்கிட்ட சொல்றே?"

இசாவோ கையை நீட்டினார். தொமியேவின் கையிலிருந்து டப்பாவை வாங்கினார். குச்சி இல்லை. விரலால் அள்ளி வாயில் போட்டார்.

"மாப்ள! துப்புடா!"

துப்பவில்லை. நின்ற நிலையில், மோவாயில் நூல் தொங்க, கடைசிப் பயறுவரை தின்று முடித்தார். "இனிமே நான் உள்ள போக முடியாது. உங்க சட்டம்தானே மச்சான்."

கென்சாகு அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மேல்சட்டையைக் கழற்றி, முழங்கை வரைக்கும் வெந்நீரில் தேய்த்துக் கழுவி, அவர்களைச் சுற்றி ஒதுங்கிப் போய்க் கோஜி அறைக்குள் நுழைந்தார். 

தொமியே தன் கோட்டைக் கழற்றி இசாவோமேல் போர்த்தினாள். சண்டைக்குத் தயாராக வந்தவளுக்கு இதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "கோவமா இருக்கீங்களா?"

"உள்ள ரெண்டு தடவை வலி வந்துச்சு," என்றார் அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "வெளிய ஓடி வந்துரலாமான்னு இருந்துச்சு. உசிருக்குப் பயமா இருக்குன்னு இத்தனை பேர்கிட்ட எப்படிடி சொல்றது? நீ கத்தினது காதுல விழுந்தப்ப அப்பாடான்னு இருந்துச்சு."

சொல்லிக்கொண்டே அவள் தோளில் சரிந்தார். கனம் தாங்காமல் அவளும் பனியில் உட்கார்ந்துவிட்டாள். "யாராவது வாங்களேன்! அந்த மாத்திரை அட்டையைக் குடுங்களேன், வண்டியை எடுங்களேன்!" என்று அலறினாள்.

நாத்தோ நூல் அவர் மோவாயிலும் அவள் கையிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. தொட்டவன் இன்றைக்குக் கோஜி அறைப் பக்கம் போக முடியாது, கென்சாகு அங்கே தனியாகத்தான் மாரடிக்கவேண்டும். நாலு பேருக்கும் அது தெரியும். கழுவிய அரிசியை அப்படியே போட்டுவிட்டு நாலு பேரும் ஓடிவந்து இசாவோவைத் தூக்கினார்கள்.