தூக்கு மெஷின்

"உங்கம்மா யாரையும் கையால தூக்கவே இல்லையேம்மா," என்றார் மேனேஜர், பிஸ்கட்டை டீயில் முக்கியபடி.

எதிரே நின்றவள் மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றினாள். அந்த ஆஸ்பத்திரியில் பில் போடுகிறவள் அவள். குடும்பத்திலேயே முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவள். அம்மா மேல்மாடி வார்டில் ஆயா. அன்று காலை ஒரு பெரியவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது அம்மாவின் இடுப்பில் ஏதோ சடக்கென்றது. சரிந்தவள் இப்போது ஸ்ட்ரெச்சரில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாள். ஒரு கால் மரத்துவிட்டது. உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் கால் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலையில் அடிபட்டால் செலவு ஆஸ்பத்திரியுடையது. இல்லையென்றால் வீட்டை விற்றாலும் காணாது. விற்க வீடும் கிடையாது.

"தூக்காம இடுப்பு எப்படி சார் போச்சு?"

"வீட்டுல எதையாவது தூக்கியிருப்பாங்க." திரையை அவள் பக்கம் திருப்பினார். "இங்க பாரு. காலையில அந்தப் பெரியவரைத் தூக்கு மெஷின்லதான் தூக்கியிருக்கு. பில் ஏறியிருக்கு. ஓகே குடுத்தது யாரு? நீதான்."

அவளேதான். எழ முடியாதவர்களைத் தூளி மாதிரித் துணியில் உட்காரவைத்து அலாக்காகத் தூக்கும் மெஷின் அது. வார்டிலிருந்து ஒவ்வொரு தடவையும் "தூக்கும் கருவி – பயன்பாடு" என்று வரும். அவள் ஓகே கொடுப்பாள். அம்மா தைலம் தேய்த்துக்கொண்டு முனகும்போதெல்லாம், "அதான் மெஷின் இருக்கே, உனக்கென்ன இடுப்பு வலி?" என்று கடிந்திருக்கிறாள். அம்மா சிரித்து மழுப்புவாள்.

விடுவிடுவென்று ஸ்ட்ரெச்சரிடம் போனாள். "உண்மையைச் சொல்லும்மா. மெஷின்ல தூக்கினியா, கையால தூக்கினியா?"

"கத்தாதடி. மெஷினைத் தொட்டாலே திட்டுவாங்க, கீறல் விழுந்துடுமாம்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா சும்மா இருப்பியா? உன் வாய் எனக்குத் தெரியாதா? உனக்கு வேலை போட்டுக் குடுத்த மனுஷன்டி மேனேஜரு."

பில் போட வந்த நாளிலிருந்து அவள் அந்த வார்டுக்குப் போனதே இல்லை. இப்போது போனாள். மெஷின் மூலையில் பிளாஸ்டிக் உறையோடு நின்றது. அதன் கொக்கியில் ஈரத்துண்டுகள் காய்ந்தன. அதன் பார்கோடு ஸ்டிக்கரை மட்டும் உரித்து நர்ஸ் மேசைக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்தார்கள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு ஆயாக்கள் ஒரு கிழவியைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார்கள். நர்ஸ் திரும்பிக்கூடப் பார்க்காமல், பில் ஏறுவதற்காகச் சுவர் ஸ்டிக்கரில் ஸ்கேனரைக் காட்டினாள். டிக். தூக்குவது மனுஷி, கூலி மெஷினுக்கு. த்தூ!

துண்டுகளை உருவி எறிந்துவிட்டு மெஷினை இழுத்தாள். காலையில் அம்மா தூக்கிய பெரியவரின் மகன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தான். "என்னங்க இது?"

"உங்கப்பாவைத் தினமும் தூக்குற மெஷின்."

"இதை நான் பார்த்ததே இல்லையே. அந்த அம்மாதானே தூக்குவாங்க."

"காசு இதுக்குத்தான் கட்டுறீங்க. வாங்க, ஒரு கை பிடிங்க."

இருவரும் அதைச் சாய்தளத்தில் கடகடவென்று இறக்கி மேனேஜர் அறைக்குள் தள்ளினார்கள். அவள் தூளியை விரித்துப் பிடித்தாள்.

"ஏறி உட்காருங்க சார்."

"என்ன?"

"காலையில ஓடின மெஷின்தானே? தூக்கிக் காட்டுறேன்."

பொத்தானை அமுக்கினாள். மெஷின் அசையவே இல்லை. பேட்டரி, பிரிக்காத அட்டைப்பெட்டிக்குள் மெஷினின் காலோடு கட்டிக் கிடந்தது.

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "ஓகே குடுத்தது நீ. மாட்டினா முதல்ல உன் தலைதான் உருளும்."

"உருளட்டும். அத்தனையும் பொய் பில்லுன்னு நானே எழுதிக் கையெழுத்துப் போடுறேன். இவரு சாட்சி."

"சாட்சி அப்புறம்," என்றான் மகன், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபடி. "முதல்ல எங்கப்பா பில்லை எடுங்க சார். ஒண்ணு விடாம பார்ப்போம்."

மேனேஜர் போனை எடுத்தார். "ஆமா டாக்டர், வேலையில அடிபட்ட ஸ்டாஃப் கேஸ்தான். ஆபரேஷனுக்கு ஏற்பாடு பண்ணுங்க." வைத்துவிட்டு அவளைப் பார்க்காமலே சொன்னார்: "மாசக் கடைசியோட நீ கிளம்பிடு."

ஆபரேஷன் முடிந்தது. அம்மாவின் கால்விரல் அசைந்ததைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு உயிர் வந்தது. நான்கு பேர் சேர்ந்து போர்வையோடு தூக்கி, அம்மாவை அதே வார்டில் கட்டிலில் போட்டார்கள். அவள் எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளோடு பெரியவரின் மகன் வெளியே யாரிடம் புகார் கொடுப்பது என்று விசாரிக்கப் போயிருந்தான்.

அவள் கவுண்டருக்கு வந்து உட்கார்ந்தாள். திரையில் புதிதாக ஒரு வரி வந்து விழுந்தது. அம்மாவின் பெயர். பக்கத்தில்: தூக்கும் கருவி – பயன்பாடு.

மெஷின் இன்னும் மேனேஜர் அறையில்தான் நின்றது.

அவள் ஓகே கொடுக்கவில்லை. மாடியேறிப் போய், நர்ஸ் வாயைப் பிளந்து பார்த்திருக்க, சுவரிலிருந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தாள். பசை விரலில் பிசுபிசுத்தது. எவ்வளவு தேய்த்துக் கழுவியும் போகவில்லை.