கரண்டு வந்த புதன்கிழமை

ரிஹாபின் கல்யாண வளையல்கள் இரண்டும் சேர்ந்து அறுநூற்று எழுபது டாலர். வாங்கிக் கொடுத்த கணவன் ஹைதம் எங்கள் திரிப்போலித் துறைமுகத்தில் சைப்ரஸுக்குப் படகேறி இரண்டு வருஷமாகிறது. படகும் போய்ச் சேரவில்லை, சேதியும் வரவில்லை. தங்கக் கடைத் தராசில் அதெல்லாம் ஏறாது.

பணத்தை உள்ளங்கையில் மடித்துக்கொண்டு என் கணினிக் கடைக்கு வந்தாள். துபாயில் ஓர் அலுவலகம். வீட்டிலிருந்தே கட்டிட வரைபடம் போடும் வேலை, மாதம் எண்ணூறு டாலர். வியாழன் மதியத்துக்குள் ஒரு வரைபடம் அனுப்பிக் காட்டினால் வேலை அவளுக்கு.

"அபூ நிஸார் அண்ணே, மடிக்கணினியா, மேசைக்கணினியா? விக்கிறதுக்காகச் சொல்லாதீங்க."

"உன் காசுக்கு வர்ற மடிக்கணினி, மூணாவது மாடி வரையறதுக்குள்ள மூச்சு வாங்கி உக்காந்துடும். நல்லதுன்னா ஆயிரத்து நூறு. மேசைக்கணினி திரையோட அறுநூத்து நாப்பது. குதிரை மாதிரி ஓடும்."

"கரண்டு?"

"தெரு ஜெனரேட்டர்காரன்கிட்ட எத்தனை ஆம்பியர் வாங்குறே?"

"அஞ்சு."

"ஃப்ரிட்ஜை அணைச்சுட்டு வரை, தாராளம்."

இதுவரை நான் சொன்னதில் பொய்யில்லை.

"அறுநூறுக்குக் கொடுங்கண்ணே. ஜெனரேட்டர் காசு கட்டணும்."

"அறுநூறா? என்னையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போ, உன் வீட்டுலயாவது சோறு கிடைக்கும்."

சிரித்துவிட்டாள். சிரித்தவர்கள் பேரத்தில் பாதி இறங்கி வந்துவிடுவார்கள். மீதிப் பாதிக்கு, என் வீட்டில் தூசியடைந்து கிடந்த பழைய யுபிஎஸ் ஒன்றைக் கொடுத்தேன். "கரண்டு மாறுற நேரத்துல தாங்கும். காசு வேண்டாம், அது என் பொறுப்பு." சோதித்துப் பார்க்கவில்லை. ஓசியில் கொடுப்பதை யார் சோதிப்பார்கள்?

நான்கு நாள் வரைந்தாள். ஜெனரேட்டர் நிற்கும் நேரம் தெருவுக்கே மனப்பாடம். அதற்கு முன்பே அணைத்துவிடுவாள். ஆனால் அரசாங்கக் கரண்டு கடைசியாக வந்து பதினோரு நாளாகியிருந்தது. அதை யாரும் எதிர்பார்ப்பதில்லை, அதற்குப் பயப்படுவதுமில்லை.

புதன் மாலை அது வந்துவிட்டது. தெருவே கைதட்டியது. டீசல் மிச்சமென்று ஜெனரேட்டர்காரன் உடனே இயந்திரத்தை நிறுத்திக் கம்பியை மாற்றினான். இடையில் மூன்று நொடி இருள். அவள் வரைபடத்தைச் சேமித்துக்கொண்டிருந்த நொடிகள் அவை. யுபிஎஸ் ஒருமுறை கீச்சிட்டு அடங்கியது. பிறகு அந்தக் கோப்பு திறக்கவே இல்லை.

சனிக்கிழமை எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்க ஒரு டாக்சியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். யுபிஎஸ்ஸை மட்டும் என் முன்னால் வைத்தாள்.

"இது எவ்வளவு போகும்ண்ணே?"

"ஒண்ணும் போகாது."

"அன்னிக்கே தெரியுமா?"

"பார்க்கலம்மா."

"மடிக்கணினின்னா, மெதுவாவாவது, அணையாம இருந்திருக்கும்ல?"

"இருந்திருக்கும்."

திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். அவள் நான் திருப்பிக் கொடுத்த நோட்டுகளை வீட்டு வாடகைக்கென்று எண்ணி வாங்கிக்கொண்டு போனாள்.

வாங்கியது அறுநூற்று நாற்பது, திருப்பிக் கொடுத்தது அறுநூற்று நாற்பது. வளையல் இரண்டு, உருக்கியாயிற்று. வேலை ஒன்று, வேறொருவருக்கு. நான் குறைக்க மறுத்தது நாற்பது டாலர். பாக்கி, என் பேரில்.