களைக்கு வாங்கிய மருந்து

கோடை தொடங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை. அதற்குள் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் முன்பக்கத் தோட்டம் பூத்துத் தள்ளிவிட்டது. ரோஜா, செவ்வந்தி, சூரியகாந்தி, நடைபாதையின் இருபக்கமும் வரிசை பிசகாமல் வெள்ளை லில்லி. எல்லாம் தோட்டக்காரர் தன் கைப்பட வளர்த்தவை. பின்பக்க மதிலோரம் யாரும் விதைக்காமலேயே இன்னொரு தோட்டம் பூத்துக் கிடந்தது. மூக்குத்திப் பூ, ஊதாப் பஞ்சு போலத் தொட்டாற்சிணுங்கி, பேர் தெரியாத நீலப் பொடிப் பூக்கள். தண்ணீர் விட ஆளில்லை, உரம் போட ஆளில்லை. ஆனாலும் தேனீக்கள் என்னவோ முன்பக்கத்தை விட்டுவிட்டு அங்கேதான் மொய்த்தன.

தோட்டக்காரரின் மனைவிக்கும் அங்கேயேதான் வேலை. பெருக்குவார், தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் விடுவார், மருந்தடிக்கும் நாளில் கைத்தெளிப்பானை நிரப்பிக் கொடுப்பார். வருஷா வருஷம் இந்தப் பூக்கள் வந்ததும் அவருக்குத் தும்மல் வந்துவிடும். அதுவும் லேசுப்பட்ட தும்மல் அல்ல, மூன்றாவது மாடிவரை கேட்கும். பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் அவர் தும்மலக்கா. இந்த வருஷம் மூக்கு சுத்தமாக அடைத்துக்கொண்டு, கூடவே இருமலும் சேர்ந்துகொண்டது.

அன்று புதன்கிழமை. காலையிலேயே குடியிருப்போர் சங்கச் செயலாளர் வந்து பின்பக்கத்தைப் பார்த்து முகம் சுளித்தார்.

"வெள்ளிக்கிழமை தோட்டப் போட்டிக்கு நடுவருங்க வர்றாங்கப்பா. இந்தக் காட்டையா காட்டச் சொல்றே?"

"கையால பிடுங்கினா ரெண்டு மூணு நாளாகும் சார்."

"எதுக்குப்பா பிடுங்குற? மருந்தடி. ஒரே நாள்ல கருகிடும்."

தும்மலக்கா துடைப்பத்தை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ரெண்டு வாரம் பூத்துட்டு அதுவா உதிர்ந்துரும் சார். பாவம், விட்டுடுங்களேன்."

"அக்கா, உங்க தும்மலுக்கே அதுதான் காரணம். உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்!" என்று செயலாளர் சிரித்தார். தோட்டக்காரரும் சிரித்தார். அந்த நேரம் பார்த்துத் தும்மலக்காவும் ஒரு தும்மல் போட்டார். வேறு சாட்சி எதற்கு?

கடைக்குக் கிளம்பிய கணவரிடம் அவர் சொல்லி அனுப்பினார். "வரும்போது எனக்கு இருமல் மருந்து வாங்கிட்டு வாங்க. நேத்தும் மறந்துட்டீங்க."

"இன்னிக்கு மறந்தா என்னன்னு கேளு."

மறந்துவிட்டார். களைக்கொல்லி வாங்கினார், ரோஜாவுக்கு எருவும் வாங்கினார்; பெண்டாட்டியின் இருமல் மட்டும் நினைவில் இல்லை. வேண்டுமென்று செய்ததல்ல. இருபத்திரண்டு வருஷம் கூடவே இருக்கிற மனுஷிதானே, நாளைக்கு வாங்கினால் போகிறது என்று எந்தப் புருஷனும் நினைப்பதுதான்.

கடைக்காரரிடம் பெரிய டின்தான் இருந்தது. "உங்களுக்கு இவ்ளோ எதுக்குண்ணே? சில்லறையா ஊத்தித் தர்றேன்" என்று கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு காலி கூல்டிரிங்க்ஸ் பாட்டிலை எடுத்து, கரேலென்று இருந்ததை ஊற்றி, வழிந்ததைத் துணியால் துடைத்துக் கொடுத்தார். பேரும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. டின்மேல் அச்சடித்திருந்த மண்டையோடு டின்னோடு கடையிலேயே தங்கிவிட்டது. "கைத்தெளிப்பானுக்கு ரெண்டு மூடி போதும்ணே. நல்ல மருந்து." இப்படித்தான் எல்லாக் கடையிலும் விற்கிறார்கள், நாமும் வாங்கிக்கொண்டுதான் வருகிறோம்!

திரும்பி வந்ததும் தோட்டக்காரர் பாட்டிலைக் கருவி அறை ஜன்னலில் வைத்துவிட்டு, ஏணி போட்டு வாசல் வளைவில் படர்ந்திருந்த கொடியை வெட்ட ஏறினார். கொஞ்ச நேரத்தில் தும்மலக்கா இருமிக்கொண்டே கருவி அறைக்குள் போனார்.

"ஏங்க, மருந்து எங்க?" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

தெளிப்பானை நிரப்பத்தான் கேட்கிறார் என்று தோட்டக்காரர் நினைத்தார். "ஜன்னல்ல பாரு, பாட்டில்ல இருக்கு!"

"எத்தனை மூடி?"

"ரெண்டு மூடி! நல்லாக் குலுக்கிட்டு ஊத்து!"

அவ்வளவுதான் பேச்சு. அவர்கள் வழக்கமாக இருமல் மருந்து வாங்குகிற இலவச மருந்தகத்தில், நாம் கொண்டுபோகிற பாட்டிலில்தான் ஊற்றிக் கொடுப்பார்கள். அதுவும் கரேலென்றுதான் இருக்கும். அதையும் மூடியில் அளந்துதான் குடிக்க வேண்டும். அடைத்துக் கிடந்த மூக்குக்கு எந்த நாற்றமும் தெரியவில்லை. மறக்காமல் வாங்கி வந்திருக்கிறாரே மனுஷன் என்ற சந்தோஷத்தோடு தும்மலக்கா பாட்டிலைக் குலுக்கினார், முதல் மூடியை ஊற்றினார், குடித்தார். இரண்டாவதையும் குடித்தார்.

பிறகு தொண்டையைப் பிடித்துக்கொண்டு ஏணிக்கடியில் வந்து நின்றார். "என்னங்க மருந்து இது, வாயெல்லாம் எரியுது."

தோட்டக்காரர் ஏணியிலிருந்து இறங்கினாரா விழுந்தாரா என்று அவருக்கே தெரியாது.

ஆஸ்பத்திரி வாசலில் தும்மலக்கா தன் காலாலேயே நடந்து உள்ளே போனார். வாந்தி நின்றதும் நன்றாகப் பேசவும் செய்தார். டாக்டரம்மா தோட்டக்காரரிடம் கேட்டார்: "எவ்வளவு குடிச்சாங்க?"

"ரெண்டு மூடிதாம்மா. ரெண்டே ரெண்டு மூடி."

"என்ன மருந்து? டப்பா இருக்கா?"

"டப்பா இல்லம்மா. சில்லறையா வாங்கினது. களைக்கு அடிக்கிறது."

டாக்டரம்மா அவர் கையோடு கொண்டுவந்திருந்த பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, அவரை வெளியே கூட்டிக்கொண்டு போனார். "இந்த விஷத்துக்கு முறிவு மருந்து கிடையாதுங்க. எங்களால முடிஞ்சதைச் செய்றோம். ஆனா நீங்க மனசைத் தயார் பண்ணிக்குங்க."

"நல்லாத்தானேம்மா பேசிட்டிருக்கா?"

"மொதல்ல நல்லாத்தான் இருப்பாங்க. போகப் போகத்தான் நுரையீரலைப் பிடிக்கும்."

தோட்டக்காரர் ஆஸ்பத்திரி நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். எந்தக் கடவுளை வேண்டிக்கொள்வது, எந்தச் சாமியைத் திட்டுவது என்று தெரியவில்லை. மறுநாள் மனைவியின் வாயெல்லாம் புண்ணாகிவிட்டது. தண்ணீர்கூட முழுங்க முடியவில்லை. அதிலும் அவர் வாயை அடக்கவில்லை.

"களைக்கு மருந்துங்கிறீங்க. அந்த மருந்துக்கு மருந்து இல்லைங்கிறாங்க. அப்போ அது என்னதாங்க மருந்து?"

கணவரைச் சிரிக்க வைக்கத்தான் கேட்டார். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதார்.

சனிக்கிழமை செயலாளர் பார்க்க வந்தார். முதல் பரிசு கிடைத்ததைச் சொல்ல வாய் வராமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான்தான் அவசரப்படுத்திட்டேன்க்கா."

"பின்பக்கம் என்னாச்சு சார்?" என்று கேட்டார் தும்மலக்கா.

"ஆள் வச்சு அடிச்சாச்சு. எல்லாம் கருகிப்போச்சுக்கா."

"ரெண்டு வாரம்தானே கேட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் அவருக்கு மூச்சு ஏறவில்லை. அறை நிறையக் காற்று இருந்தது. அதை வாங்கிக்கொள்ள நெஞ்சு மறுத்துவிட்டது. கடைசி ஒரு மணி நேரம் கணவரின் கையை விடவே இல்லை. அது தெளிந்த நினைவோடு வந்த சாவு. அப்படி ஒரு சாவு பகையாளிக்கும் வரக்கூடாது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் தோட்டக்காரர் அந்தக் கடைக்குப் போனார். சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் என்றுதான் போனார். அங்கே ஒரு அம்மா நின்றிருந்தார், கையில் ரொட்டியும் பாலும் இருந்த பை. "வாசல்ல புல்லா முளைச்சிருக்கு. கொஞ்சம் மருந்து ஊத்திக் குடுங்க" என்றார். கடைக்காரர் குனிந்து ஒரு காலி பாட்டிலை எடுத்தார். நிமிர்ந்தபோது தோட்டக்காரரைப் பார்த்ததும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். ஆனாலும் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

"அம்மா, இதை வாங்காதீங்க" என்றார் தோட்டக்காரர். "இதே கடையில, இதே மாதிரி பாட்டில்ல வாங்கிட்டுப் போனேன். இருமல் மருந்துன்னு நெனச்சு என் பொண்டாட்டி குடிச்சுட்டா. புதைச்சுட்டு வந்து பதினஞ்சு நாளாச்சு."

"அடப் பாவமே!" என்று அந்த அம்மா உண்மையாகவே பதறினார். பிறகு கடைக்காரரிடம் திரும்பி, "மூடியை நல்லா இறுக்கிக் குடுங்க, பால்ல பட்டுடப் போகுது" என்றார்.

சட்டையைப் பிடிக்க வந்த கை தோட்டக்காரருக்குத் தளர்ந்துவிட்டது. யாரைப் பிடித்து உலுக்குவது? முதலில் தன்னையல்லவா உலுக்க வேண்டும்! பாட்டில் பைக்குள் ரொட்டிக்குப் பக்கத்தில் போவதைப் பார்த்தபடி அவர் சொன்னார்:

"மூடி இறுக்கமாத்தாம்மா இருந்துச்சு. விஷத்தை விஷம்னு சொல்லுங்க. அது வந்த டப்பாவோட வாங்கிப் பூட்டி வையுங்க, குடிக்கிற பாட்டில்ல ஊத்தாதீங்க. மருந்து எங்கன்னு அவ கேட்டா. விஷம்னு ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தா, இன்னிக்கு அவ தும்மிட்டு இருப்பா."