சீலிங் ஸ்பீக்கருக்கு ஓட்டு இல்லை

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்த ஆளுயர ஸ்பீக்கருக்கு ஓட்டுப் போட்ட மூவாயிரத்துச் சொச்சம் பேரில் நானும் ஒருவன். போட்டு முடித்ததும் ஏதோ பெரிய கடமையைச் செய்துவிட்ட திருப்திகூட இருந்தது. மிச்சக் கதையை இன்று காலை அலுவலகத்தில் கேட்டேன். கேட்டபின் வந்த கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். கோபத்தில் பாதி என்மேல். மறுபாதியை உங்கள்மேல் காட்டுவதாக உத்தேசம்.

2

முதல் தொடக்கம்: "விளையாட்டரங்கின் நடுவே அந்த ஸ்பீக்கர் கம்பீரமாக நின்றது. காலை வெளிச்சம் அதன் கறுப்பு மேனியில்—"

வேண்டாம். ஸ்பீக்கரை வர்ணிக்கத் தொடங்கினால் நானும் அந்த விமரிசனக்காரர்கள் கட்சியில் சேர்ந்துவிடுவேன். கம்பெனி இரவல் கொடுத்ததை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, 'வெண்ணெயாக வழுக்கும் குரல்' என்று கூசாமல் எழுதுகிறவர்கள் அவர்கள்.

இரண்டாம் தொடக்கம்: "அளவுக்காரிக்குச் சின்ன வயதிலிருந்தே நியாயம் என்றால்—"

இதுவும் வேண்டாம். இப்படித் தொடங்கும் கதைகளில் தப்பே செய்யாதவர்கள்தான் வருவார்கள். இவள் ஒரு தப்பு செய்தாள்.

நேராகவே சொல்கிறேன். குடிநீர் மீட்டர்களைச் சோதிக்கும் அலுவலகத்தில் அவள் எனக்குப் பக்கத்து மேஜை. 'அளவுக்காரி' என்பது இணையத்தில் அவளுடைய வாசகர்கள் வைத்த பெயர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓர் உள்ளரங்கம் அவளுக்குக் காலியாகக் கிடைக்கும். நடுவே உயரமான சுழல்மேடை, அதன்மேல் ஒரு ஸ்பீக்கர், எதிரே மைக். அடிவயிற்று முனகலில் தொடங்கி விசில்வரை ஏறும் ஓர் ஓசையை ஓடவிட்டு, ஸ்பீக்கரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, எந்தப் பக்கம் உட்கார்ந்தால் எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று அளப்பாள். ஒன்றை அளக்கவே முழு நாள் போய்விடும். வரைபடத்தில் வருகிற கோட்டை அப்படியே தன் தளத்தில் போடுவாள். நல்லதென்றால் நல்லது, குப்பையென்றால் குப்பை.

மாதம் ஒன்றே ஒன்று என்பதால், எதை அளப்பது என்பதில்தான் அடிதடி.* இந்த மாதம் முந்தி நிற்பது, வீட்டு ஹாலில் வைக்க லட்சக்கணக்கில் விற்கும் அந்த ஆளுயர ஸ்பீக்கர்.

* கம்பெனி அனுப்பும் ஸ்பீக்கரை அவள் தொடமாட்டாள். ஒருமுறை தொட்டாள். அவர்கள் பொறுக்கியெடுத்து அனுப்பியதை அளந்து பாராட்டினாள். கடையில் அதே பெயரில் விற்றது வேறு சரக்கு. வாசகர்களிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினாள். அதன்பிறகு தேர்வையே வாசகர் ஓட்டுக்கு விட்டாள். கம்பெனிக்காரர்கள் கூட்டமாக வந்து கள்ள ஓட்டுப் போட்டார்கள். உடனே ஒரு விதி போட்டாள்: சொந்தமாக ஒரு ஸ்பீக்கர் வாங்கிய ரசீதை இணைத்தால்தான் ஓட்டு. எல்லாரும் கைதட்டினோம். அதுதான் தப்பு என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை.

3

நேற்று, வியாழக்கிழமை சாயங்காலம், அவளுடைய அக்கா வீட்டுக்கு வந்தாள். அரசு ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகள் பிரிவு நர்ஸ். சீருடையைக்கூட மாற்றவில்லை.

"இந்த மாசம் எங்க ஆஸ்பத்திரி சீலிங் ஸ்பீக்கரை அளந்து குடுடி."

"லிஸ்ட்ல போட்டுத்தான்க்கா வச்சிருக்கேன். ஓட்டு விழணுமே."

"எத்தனை விழுந்திருக்கு?"

"ஒண்ணுகூட இல்ல."

அக்கா செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தாள். நடந்ததைச் சொன்னாள். போன மாதம் அவள் பிரிவுக்கு ஒரு சலூன்காரர் வந்தார். வலது கை மரத்துப்போகிறது என்று சீட்டு எழுதிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தார். அவர் எண்ணை மூன்று முறை கூப்பிட்டார்கள். ஸ்பீக்கர்கள் நடைபாதைக்கு மேலே இருக்கின்றன. நாற்காலிகள் சுவரோரம் இருக்கின்றன. சுவரோரம் போய்ச் சேர்வது வெறும் 'ஆ… ஊ…' இரைச்சல்தான். எண்ணும் பெயரும் வழியிலேயே கரைந்துவிடும். அவருடைய சீட்டு அடுக்கின் அடியில் போனது. அக்கா தற்செயலாகப் பார்த்தபோது அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தார். பக்கவாதம். உயிர் பிழைத்துவிட்டார். கத்தரி பிடிக்கிற கை இனி வராது.

விசாரணை அறிக்கையில் என்ன எழுதினார்கள் தெரியுமா? 'நோயாளி அழைப்பைக் கவனிக்கவில்லை.'

(இந்த வரியை நான் நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். அவர்கள் எழுதிய அளவுக்கு எனக்குக் கொடூரமாக எழுத வரவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.)

"புதுக் கட்டடத்துக்கு அதையே இன்னும் நாப்பது வாங்கப்போறாங்க. திங்கக்கிழமை கமிட்டி. 'வெளியாள் யாராவது சோதிச்ச ரிப்போர்ட் இருந்தா கொண்டு வாங்க, பார்க்கலாம்'னு பெரிய டாக்டர் சொல்லியிருக்கார். ஸ்டோர்ல கேட்டு ஒண்ணு எடுத்துட்டும் வந்துட்டேன்."

அளவுக்காரி வாயைத் திறப்பதற்குள் அக்கா போனை எடுத்தாள். "சரி, முதல் ஓட்டு நான் போடறேன்."

திரையில் வந்தது: 'உங்கள் ஸ்பீக்கரின் ரசீதை இணைக்கவும்.'

"எங்கிட்ட ஏதுடி ஸ்பீக்கர்?"

"கம்பெனிக்காரங்க புகுந்துடக் கூடாதுன்னு வச்ச விதிக்கா…"

"அவங்க புகுந்தாங்களோ இல்லையோ, அந்த சலூன்காரர் உள்ள வர முடியாது. சொந்தமா ஸ்பீக்கர் வச்சிருக்கவங்களுக்குத்தான் காது இருக்குன்னு யாருடி உனக்குச் சொன்னது?"

அளவுக்காரிக்கு முகம் சுண்டிப்போனது. பட்டியலை மேலும் கீழுமாகத் தள்ளிப் பார்த்தாள். பஸ் நிலைய ஸ்பீக்கர், பள்ளிக்கூட ஸ்பீக்கர், ஆஸ்பத்திரி ஸ்பீக்கர், எல்லாவற்றுக்கும் சைபர். யாருக்கும் வேண்டாம் என்று இதுவரை நினைத்திருந்தாள். அவற்றைக் கேட்கிற யாரும் அவற்றை வாங்கியவர்கள் இல்லை. வாங்கியவர்கள் ஒருநாளும் அவற்றின்கீழ் உட்கார்ந்ததில்லை.

"விதியை இப்ப மாத்தினா, அக்காவுக்காக மாத்தினாள்னு எழுதுவாங்க. அப்புறம் நான் எதைக் குப்பைன்னு சொன்னாலும் எடுபடாது. உன் கமிட்டியே கேக்காது."

"நீ சுத்தமா இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்? அது பத்து வருஷம் அங்கயே தொங்கும்."

4

இந்த இடத்தில் ஒரு வில்லன் தேவைப்பட்டான். சீலிங் ஸ்பீக்கர் விற்கும் மேலாளரை எழுதினேன். விரலில் மூன்று மோதிரம், நமட்டுச் சிரிப்பு, மேஜைக்கடியில் கைமாற்றும்—

அடித்துவிட்டேன். மதிய இடைவேளையில் நிஜ மேலாளருக்குப் போன் செய்தபோது அவர் மரியாதையாகத்தான் பேசினார். "எங்க விவரத் தாள்ல இருக்கறது அத்தனையும் உண்மை சார். நேர் கீழ அளந்தது. பக்கத்துல எப்படிக் கேக்கும்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே."

யாரும் கேட்டதில்லை. இந்த மனிதரை எப்படி வில்லனாக்குவது?

5

முடிவு அ: ஞாயிற்றுக்கிழமை அவள் ஆளுயர ஸ்பீக்கரை அளக்கிறாள். கோடு அளவுகோல் வைத்துப் போட்டதுபோல் வருகிறது. அந்த விலைக்கு வராவிட்டால்தான் செய்தி. ஏற்கெனவே தெரிந்ததைத் தெரிந்துகொண்டு மூவாயிரம் பேர் மகிழ்கிறோம். திங்கட்கிழமை நாற்பது சீலிங் ஸ்பீக்கர்களுக்குக் கையெழுத்தாகிறது.

முடிவு ஆ: விதியை உடைத்து சீலிங் ஸ்பீக்கரை ஏற்றுகிறாள். நாற்பது டிகிரி திரும்பியதும் கோடு தொபுக்கென்று விழுகிறது. அக்கா தாளைக் கமிட்டியில் வைக்கிறாள். "இதை அளந்தது உங்க தங்கச்சிதானே சிஸ்டர்?" என்கிறார் பெரிய டாக்டர்.

முடிவு இ: முகம் தெரியாத ஒரு நல்லவர் சனிக்கிழமைக்கு இன்னோர் அரங்கத்தை—

கிழித்துப் போட்டேன். அப்படிப்பட்டவர்களைக் கதையில் வரவழைத்துத்தான் நாம் இத்தனை நாள் நிம்மதியாகத் தூங்கினோம்.

6

இன்று வெள்ளிக்கிழமை. ஓட்டு நாளை நண்பகலில் முடிகிறது. பக்கத்து மேஜையில் அவள் மீட்டரைச் சோதிக்காமல் தன் தளத்தைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கிறாள். ரசீது கேட்கும் அந்தக் கட்டத்தை எடுக்க ஒரு சொடுக்கு போதும். எடுத்தால் அவள் பேர் போகும். எடுக்காவிட்டால் இன்னொருவருக்குக் கை போகும், கால் போகும், அடுத்த அறிக்கையில் அவரும் கவனிக்காதவர் ஆவார்.

"நீங்க என்ன சொல்றீங்க சார்?" என்று என்னைக் கேட்டாள்.

நான் இந்தத் தாளுக்கே திரும்பினேன். என்னிடம் ரசீது இருக்கிறது; ரசீது உள்ளவர்கள் சொல்லவேண்டியதையெல்லாம் சொல்லியாகிவிட்டது. உங்களிடமும் ரசீது இருந்தால் தயவுசெய்து வாயை மூடிக்கொண்டு, இந்தத் தாளைச் சுவரோரம் உட்கார்ந்திருப்பவரிடம் கொடுங்கள். தன்னைக் கூப்பிட்டார்களா இல்லையா என்று தெரியாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை மேடையில் எதை ஏற்றுவது என்று அவர் சொல்லட்டும்.